ஸ்டைலிங் வேலை, தனி ஆளாக: என் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

உதவியாளர் வேலை போன வாரத்தோடு முடிந்தது. நான் யாரிடம் உதவியாளராக இருந்தேனோ அந்த அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தேன், அவர் முகம் சுளிக்கவில்லை, "போய்ட்டு வா, ஆனா பெரிய ஷூட் வந்தா கூப்பிடுவேன், வரணும்" என்றார். இனி நான் ஃப்ரீலான்ஸ் ஸ்டைலிஸ்ட். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது இனி கிடையாது. இதை எப்படிக் கட்டியெழுப்புகிறேன் என்று அவ்வப்போது இங்கே எழுதிவைக்கிறேன், இதே வழியில் வர நினைக்கிறவர்களுக்குத் தமிழில் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைலிஸ்ட் என்றால் ஷூட் அன்றைக்கு வந்து நல்ல உடையாக எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஷூட் ஒரு நாள்தான். அதற்கு முன்னால் உடை தேடுவது, இரவல் கேட்பது, அளவு பார்ப்பது, ஃபிட்டிங். அதற்குப் பின்னால் ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, எண்ணி, எங்கே வாங்கினோமோ அங்கே திருப்பிக் கொடுப்பது. இரண்டு பக்கமும் நாட்கள் ஓடும். என்னைக் கேட்டால் பிழைப்பு நிற்பதும் சாய்வதும் அந்த இரண்டு பக்கத்தில்தான்.

பிப்ரவரி 8

இன்று முழுக்கக் கிட் பையோடு, அதாவது ஷூட்டுக்குக் கொண்டுபோகிற சாமான் பையோடு, உட்கார்ந்திருந்தேன்.

ஆவியால் துணிச் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமர் இல்லாமல் இந்த வேலை இல்லை. ஆனால் கையில் எடுத்தவுடன் துணிமேல் காட்டக் கூடாது. சூடேறி முதல் ஆவி வரும்போது கூடவே தண்ணீரையும் துப்பும், அதை ஒரு பழைய துண்டின் மேல் விட்டுவிட்டுத்தான் துணிப் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் சில பட்டுத் துணிகளில் ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகத் தடம் நின்றுவிடும். வெல்வெட்டை உள்பக்கம் திருப்பித்தான் ஸ்டீம் செய்வேன். முன்பக்கம் எதையாவது வைத்து அழுத்தினால் அதன் இழைகள் படுத்துவிடும், படுத்த இடம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று தனியாகத் தெரியும். புதுத் துணி எது வந்தாலும் உள்மடிப்பில், கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில், சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே வருவேன்.

அப்புறம் பல அளவில் ஊக்குகள், பெரிய கிளிப்புகள், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், தூசியும் நூலும் எடுக்கிற ரோலர், தையல் பிரிக்கும் சின்னக் கத்தி, ஊசி நூல், விலைச் சீட்டைத் திரும்ப மாட்டுகிற டேக் கன், பல தோல் நிறங்களில் உள்ளாடை, ஷூவுக்குள் வைக்கும் மெத்தைகள். இதில் யாரும் சொல்லித்தராத ஒன்று, மெல்லிய ஒரு துணிப்பை. மேக்கப் முடிந்த மாடல் தலைவழியாக உடை போடும்போது அதை முகத்தில் கவிழ்த்துவிட்டால் காலரில் ஃபவுண்டேஷன் ஒட்டாது. இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையாக இருந்தால் அந்த ஒரு பைதான் உங்கள் பெயரைக் காப்பாற்றும்.

பிப்ரவரி 21

டெஸ்ட் ஷூட் முடிந்தது. போட்டோகிராபர், மேக்கப் கலைஞர், மாடல், நான், யாருக்கும் பணம் இல்லை, எல்லாருக்கும் படம். போர்ட்ஃபோலியோ இல்லாதவர்களுக்கு இதுதான் வாசல். ஆனால் "நண்பர்கள்தானே" என்று வாய்ப்பேச்சில் விடாமல் எத்தனை படம், எப்போது கைக்கு வரும், யார் யார் எங்கே போடலாம், யார் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி நாலு பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் தேதி குறித்தேன். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

கதை ஒன்றுதான் வைத்தோம்: ஆண்களுக்கான கோட்டு சூட்டை, அளவு பெரிதாக, ஒரு பெண்ணுக்கு. பழைய கடைகளில் கிடைத்ததும் வீட்டில் இருந்ததும் போதும். போர்ட்ஃபோலியோவில் பத்துப் பேருடைய பத்து பாணியைக் கலந்து வைப்பதைவிட ஒரே எண்ணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போன ஆறு படம் இருந்தால் பார்க்கிறவருக்கு இவர் எப்படி யோசிக்கிறார் என்று புரியும்.

போட்டோகிராபரிடம் கற்றது ஒன்று. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டையைக் கொண்டுபோயிருந்தேன், டெஸ்ட் ஃப்ரேமைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார், கோடுகளுக்கு மேலே தண்ணீர் அலை மாதிரி வண்ண வளையங்கள். துணியின் கோடும் கேமரா சென்சாரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது, மொய்ரே என்பார்கள். தூரத்தை மாற்றிப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது, ஆனால் அகலக் கோட்டுச் சட்டைக்கு மாறியதும் தொல்லையே இல்லை. அதற்குத்தான் ஒவ்வொரு லுக்குக்கும், அதாவது ஒரு படத்துக்கான முழு உடைத் தொகுப்புக்கும், ஒரு மாற்று எடுத்துப் போவது.

இன்னொன்றும் இங்கேயே எழுதிவிடுகிறேன். டெஸ்ட் ஷூட் வேறு, ஒரு பிராண்டு தன் பொருளை விற்பதற்கு இலவசமாகச் செய்து தரச் சொல்வது வேறு. முன்னதில் எல்லாரும் சமம். பின்னதில் ஒருவருக்கு மட்டும் லாபம். இரண்டாவதைச் செய்யப்போவதில்லை.

மார்ச் 2

மெயில், மெயில், மெயில். பதில் குறைவு. பரவாயில்லை.

மார்ச் 10

ஒரு சின்ன இணைய இதழுக்கு எடிட்டோரியல், அதாவது இதழில் வரும் ஃபேஷன் படத்தொகுப்பு, கிடைத்திருக்கிறது. பணம் பெரிதாக இல்லை, ஆனால் இதழிலிருந்து ஒரு கடிதம் கிடைக்கும், அதுதான் எனக்குப் பெரிது. புல் லெட்டர் என்பார்கள்: இன்ன ஷூட்டுக்காக இன்ன ஸ்டைலிஸ்ட் உடை எடுக்கிறார், இந்தத் தேதிக்குள் திரும்பும், சேதமானால் பொறுப்பு இன்னாருடையது. அது இல்லாமல் டிசைனர்களோ, பிராண்டுகளுக்காக உடைகளை இரவல் கொடுக்கிற பிஆர் ஷோரூம்களோ ஒரு சாம்பிளைக்கூட, அதாவது ஒரு மாதிரி உடையைக்கூட, வெளியே விடமாட்டார்கள். விடக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். பல சமயம் அந்த சாம்பிள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், நாளைக்கு வேறொரு இதழ் அதற்காகக் காத்திருக்கும்.

கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். பொறுப்பு இதழுக்கா, உங்களுக்கா என்பது ஒரே ஒரு வரியில் இருக்கும். என் பெயர் தனியாக இருந்தது, இதழின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு ஜாக்கெட்டில் பொத்தான் ஏற்கெனவே தளர்ந்திருந்தது, கொடுத்தவர் முன்னிலையிலேயே சொல்லி ரசீதில் எழுத வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஷூக்களின் அடிப்பாகத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டினேன். அடி ஓரத்தை அப்படியே பின்பற்றி பிளேடால் வெட்ட வேண்டும், கொஞ்சம் வெளியே நீட்டினாலும் படத்தில் பழுப்பாக ஒரு கீற்று தெரியும், கொஞ்சம் உள்ளே போனாலும் அந்த இடம் தரையில் உரசிவிடும். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பிடித்த வேலை.

மார்ச் 15

ஷூட் நன்றாகப் போனது. உடைகள் எல்லாம் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தன, டேக் மாட்டி, உறை போட்டு, பட்டியலோடு. ஷோரூமில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அடுத்த சீசன் வந்ததும் சொல்றேன்" என்றார். படம் இன்னும் வெளிவரவே இல்லை. அவர் என் ரசனையைப் பார்த்து அதைச் சொல்லவில்லை, அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னார்.

மார்ச் 27

ஈ-காமர்ஸ் வேலை, ஒரு நிறுவனத்துக்கு. வெள்ளைப் பின்னணி, ஒரே நிற்கும் நிலை, ஒரு நாளில் பத்துப் பத்தாக உடைகள் ஓடும். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நம் தொழிலில் நிறைய, "அது ஸ்டைலிங்கா" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வாடகை கட்டுவது இதுதான், கை பழகுவதும் இங்கேதான். சாம்பிள் ஒரே அளவில் வரும், மாடல் உடம்பு அதற்குச் சரியாக இருக்காது. முதுகுத் தண்டை ஒட்டித் துணியைச் சேகரித்து மேலிருந்து கீழாகக் கிளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் கொத்தாகப் பிடித்தால் முன்பக்கம் அக்குளிலிருந்து குறுக்கே சுருக்கம் இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பிடித்தால் முன்பக்கம் தைத்துப் போட்டது போல விழும். ஆனால் ஓர் எல்லை உண்டு. தொளதொளவென்று இருப்பதற்காகவே வெட்டிய சட்டையை ஒட்டிப் பிடித்தால் வாங்குகிறவர் ஏமாறுவார், பொருள் திரும்பி வரும். உடை நிஜத்தில் எப்படி விழுமோ அதை மீறக் கூடாது, அது நேர்மை.

ஏப்ரல் 6

கட்டணம் பற்றிப் பேச்சு. ஒரு விளம்பர வேலை, "ஒரு நாள் ஷூட், உங்கள் ஒரு நாள் ரேட் என்ன?" என்று கேட்டார்கள். ஒரு நாளுக்கு மட்டும் சொன்னால் செத்தேன். தயாரிப்பு நாட்கள், ஃபிட்டிங், ஷூட், திருப்பிக் கொடுக்கும் நாள், நான்கையும் தனித்தனி வரியாகப் போட்டேன். கிட் கட்டணம் தனி, போக்குவரத்தும் உலர்சலவையும் ரசீதின்படி. உடை வாங்க வேண்டிய பணம் என் கையிலிருந்து போகாது, வேலை தொடங்கும் முன் முழுதாக வந்துவிட வேண்டும். கட்டணத்தில் பாதி அட்வான்ஸ். கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் எவ்வளவு என்பதும் ஒரு வரி.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தயங்கினார், தயாரிப்பு நாட்களைக் குறைக்க முடியுமா என்றார். குறைக்கலாம், லுக்குகளின் எண்ணிக்கையும் குறையும் என்றேன். ஒத்துக்கொண்டார். தள்ளுபடி கேட்டால் வேலையின் அளவைத் தொட வேண்டும், ரேட்டைத் தொடக் கூடாது. அக்கா பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த பாடம் இது.

எல்லாம் எழுத்தில். நியூயார்க் நகரத்தில் 2017 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி எதுவும் குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் இருக்கிறவர்களுக்கு அவரவர் ஒப்பந்தத் தாள்தான் சட்டம். நானும் 30 நாள் என்றே போடுகிறேன்.

ஏப்ரல் 19

வேலை இல்லாத வாரம், பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு ஒரு முகம் கொடுத்தவர்களில் ரே பெட்ரி முக்கியமானவர். 1980களின் லண்டன். பஃபலோ என்று ஒரு கூட்டம், அதன் நடுவில் இவர். விமானிகள் போடும் ஜாக்கெட், விளையாட்டு உடை, நல்ல தையல் கோட்டு, ஆண்களுக்குப் பாவாடை, எல்லாவற்றையும் ஒரே உடம்பில் போட்டுக்காட்டினார், அதுவும் மாடல் அல்லாத தெருவோர முகங்களைத் தேடிப் பிடித்து. 1989இல் இறந்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் படங்கள் பழசாகவில்லை.

இன்னொன்று 1988 நவம்பர் அமெரிக்க வோக் ஃபேஷன் இதழின் அட்டை. அன்னா வின்டூர் ஆசிரியராக வந்து போட்ட முதல் அட்டை. கார்லின் செர்ஃப் த டட்ஸீல் ஸ்டைலிங், பீட்டர் லிண்ட்பெர்க் படம். டிசைனர் கிறிஸ்டியன் லக்ருவாவின் கல் பதித்த ஜாக்கெட்டுக்குக் கீழே சாதாரண ஜீன்ஸ். ஜாக்கெட்டோடு வந்த பாவாடை மாடலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் ஜீன்ஸ். அச்சகத்திலிருந்து கூப்பிட்டு இது தவறுதலாக வந்த படமா என்று கேட்டார்களாம். பாவாடை பொருந்தாத நிமிஷத்தில் ரேக்கில் ஜீன்ஸ் ஒன்று தொங்கியிருக்க வேண்டுமே, என் மனம் அங்கேயே நிற்கிறது. அதை யாரோ யோசித்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

மே 5

ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பணம் வரவில்லை. தேதி தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம். இன்வாய்ஸை மறுபடி அனுப்பினேன், பதில் இல்லை. அடுத்து அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கே நேராக எழுதினேன், ஒப்பந்தத்தின் அந்த வரியை மேற்கோள் காட்டி, கோபம் இல்லாமல், தாமதக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து சேரும் என்று மட்டும். இரண்டாம் நாள் பாதி வந்தது. மீதிக்குத் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

கோபம் வருகிறது, உண்மை. ஷூட் அன்று ஐந்து நிமிடம் தாமதமானால் நம்மைக் கேள்வி கேட்பவர்கள் பணத்தில் ஐம்பது நாள் தாமதிக்கிறார்கள். முழுத் தொகையும் வரும்வரை இவர்களுக்கு அடுத்த வேலை இல்லை.

மே 16

தனிநபர் ஸ்டைலிங். குழந்தை பிறந்து சில காலம் கழித்து வேலைக்குத் திரும்பும் ஒரு பெண். அலமாரியைத் திறந்து காட்டும்போதே மன்னிப்புக் கேட்கிற தொனி, "உடம்பு மாறிடுச்சு, எதுவும் சேரல". இங்கே கேமரா கிடையாது, கிளிப் போட்டு மறைக்க முடியாது, உட்கார வேண்டும், குனிய வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேன்ட் இடுப்பைத் தளர்த்தினால் போதும், உள்தையலில் துணி மிச்சம் இருந்தது. தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதைத் தனியாக அடுக்கி, வாங்க வேண்டியது என்று எழுதியது சின்னப் பட்டியல். கமிஷனுக்காகக் கடைக்கு இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதில் இல்லை. போகும்போது தன் தோழியின் நம்பரையும் கொடுத்தார்.

மே 24

ஓர் ஏஜென்சியிலிருந்து பேசினார்கள். பொதுவாக இருபது சதவீதம் போல் எடுப்பார்கள், பதிலுக்குப் பெரிய வேலை, பேரம், வசூல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வசூல் என்றதும் மனம் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் நானே தேடிப்பிடித்த பழைய வாடிக்கையாளர்களுக்கும் கமிஷன் உண்டு என்றார்கள், அது எனக்குச் சரிப்படவில்லை, அவர்களை விலக்கி எழுதித் தந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

மே 30

அடுத்த மாதம் இரண்டு நாள் விளம்பர ஷூட், லுக்குகள் அதிகம், தனி ஆளாக முடியாது. உதவிக்கு ஒரு பெண் வேண்டும் என்று சொல்லியிருந்தேன், நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் "பணம் வேண்டாம், கற்றுக்கொண்டால் போதும்" என்கிறார்கள். ஸ்டீம் செய்வதும் பை சுமப்பதும் நள்ளிரவில் உடை எண்ணுவதும் கற்றுக்கொள்வது மட்டுமா, வேலையும்தானே. மதிப்பீட்டுத் தாளில் உதவியாளர் என்று ஒரு வரி சேர்த்தேன், தயாரிப்பு நாளுக்கும் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் சேர்த்து. கிரெடிட்டில் பெயர் வர வேண்டும் என்பதையும் கீழே எழுதினேன். வாடிக்கையாளர் அந்த வரியை அடிக்கச் சொன்னால் லுக்குகளைக் குறைப்பேன்.

பணம் வேண்டாம் என்று எழுதியவர்களில் ஒருத்தியையே கூப்பிட்டேன், அவள் அனுப்பிய படங்களில் துணி விழுந்த விதம் அவ்வளவு சுத்தம். "சம்பளம் இருக்கு, நாளைக்கு வந்து கிட்டைப் பாரு" என்றேன். "சரிக்கா, எத்தனை மணிக்கு?" என்றாள்.