பழைய விசைப்படகை முழுசாகப் பிரித்துச் சீர் செய்ய நாங்கள் போட்ட திட்டம்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வேலை செய்யக் கிடைக்கிற காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். மற்ற மாதங்களில் படகைக் கரையேற்றினால் வருமானம் நிற்கும், ஆட்களும் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். அதனால் படகை முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று அப்பா சொன்னதும், காசை விடத் தேதிதான் எனக்கு முதல் கவலையாக இருந்தது.

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டைப் பக்கம், கடுவையாற்றில் கட்டிக்கிடக்கிற மரப்படகு எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு கட்டியது. ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம், இலுப்பை. வங்குகள், அதாவது விலா எலும்பு போன்ற வளைவு மரங்கள், கருவேலம். பலகை அயனி. 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு பக்கம் இடிபட்டு, அவசரத்துக்குச் சில பலகைகளை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச காலமாகத் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓட வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போனது.

படகையே கைகழுவிவிடலாமா என்றும் யோசித்தோம். பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் அரசுத் திட்டம் 2017-ல் வந்தபோது, ஒரு புதுப்படகின் விலை 80 லட்சம் என்று வைத்திருந்தார்கள். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் நம் கைக்காசு. மானியம் பெரிதுதான். ஆனால் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தூண்டில் போடுவது வேறு தொழில். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அப்பாவுக்கு அதைக் கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை. சரி, இருப்பதையே சரிசெய்வோம் என்று முடிவானது.

பொங்கல் முடிந்த கையோடு, படகு தொழிலுக்குப் போய்வந்துகொண்டிருக்கும்போதே, பெரிய ஆசாரியைக் கூட்டிவந்தேன். கையில் ஒரு சுத்தியலும் குத்தூசியும், அவ்வளவுதான். தட்டிக்கொண்டே போவார், நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்ட மரம் மந்தமாகச் சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் ஊசியை இறக்குவார். ஊசி தானாக உள்ளே போனால் அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. நான் பின்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டே போனேன்.

வெளியாட்கள் பலர் நினைப்பது போல உப்புத் தண்ணீர் மரத்தை உளுத்துப்போகச் செய்வதில்லை. உளுக்க வைப்பது மழைத் தண்ணீர். மேல்தளத்தில் விரிசல் வழியாக இறங்கி, காற்றோட்டம் இல்லாத மூலையில் தங்கும் நல்ல தண்ணீர்தான் குறுக்கு விட்டங்களையும் வங்குகளின் மேல்முனைகளையும் தின்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எதிரி வேறு: மரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் கடல்புழு. வெளியே குண்டூசி அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாக இருக்கும். அப்புறம் இரும்பு ஆணி. துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கறுத்து இளகிப்போகும், பலகையைப் பிடித்து நிற்காது. ஆக, மேலே ஒரு பட்டியல், கீழே ஒரு பட்டியல், ஆணிக்குத் தனிப் பட்டியல் என்று மூன்று போட்டோம். நாலாவதாக, பிரித்தால்தான் தெரியும் என்கிற இடங்கள். அந்த இடங்களுக்காக மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கச் சொன்னார் ஆசாரி. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நான் பிடிவாதமாக ஒதுக்கினேன்.

பெரிய சண்டை எஞ்சினில்தான் வந்தது. சித்தப்பாவுக்கும் படகில் பங்கு உண்டு. "எஞ்சின்ல கை வைக்காம என்னடா புதுப்பிக்கிறது? பக்கத்துப் போட்டெல்லாம் பறக்குது பார்" என்றார். எங்களுடையது அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின், பழையது, ஆனால் உதிரிபாகம் தடையில்லாமல் கிடைக்கும். அவர் சொன்னது அதைப்போல இரண்டு மடங்கு சக்தி. தமிழ்நாட்டில் 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு இருக்கிறது, எஞ்சினை மாற்றினால் மீன்வளத்துறைப் பதிவிலும் மாற்ற வேண்டும். ஆனால் என் மறுப்பு அதனால் அல்ல.

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையைப் போட்டுவிடும். நீர்மட்டத்தில் அடிக்கணக்கில் நீளம் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது ஏறக்குறைய அந்த எல்லை. நீர்மட்டத்தில் 42 அடி உள்ள படகுக்கு 8.7 நாட் (மணிக்குச் சுமார் 16 கி.மீ.). அதை நெருங்க நெருங்கச் சக்தித் தேவை எகிறும். 7 நாட்டிலிருந்து 8 நாட்டுக்குப் போகவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். டீசலும் அதே போல. பக்கத்துப் படகுகள் பறப்பது உண்மைதான், ஆனால் அவை இரும்பில் வேறு வடிவத்தில் கட்டியவை. எங்கள் பழைய வங்குகளின் மேல் அந்த எஞ்சினின் அதிர்வை ஏற்றினால், புதிதாக அடித்த பலகையெல்லாம் மறுபடி இளகும். காகிதத்தில் கணக்கைப் போட்டுக் காட்டியபோது சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "அப்ப காத்தாடியையாவது மாத்துவோம்" என்றார். தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைச் சொன்னார். அது நியாயமான பேச்சு. லைனர், பிஸ்டன் ரிங் மாற்றி, இன்ஜெக்டரைச் சோதித்து எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது. காத்தாடியைச் சுழற்றும் தேய்ந்த ஷாஃப்ட்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றுவது. கியர் விகிதத்துக்குப் பொருத்தமான காத்தாடி போடுவது என்று முடிவானது.

இன்னொரு பேச்சு பைபர், அதாவது ரெசினில் தோய்த்த கண்ணாடியிழைப் போர்வை. அடிப்பாகம் முழுக்க பைபர் போர்த்திவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொல்லாத ஆள் கிடையாது. புதுப் பலகையில், நன்றாகக் காய்ந்த மரத்தில் அது நிற்கலாம். வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்த, அலையில் அசைந்து அசைந்து பழகிய பலகையில் போர்த்தினால் அது கீறும்; கீறல் வழியே போன தண்ணீர் வெளியே வராது. போர்வைக்கு அடியில் மரம் உளுப்பது நம் கண்ணுக்கே தெரியாது. என் அபிப்பிராயத்தில் பழைய படகுக்கு அது வைத்தியம் இல்லை, மறைப்பு. கீழே வழக்கப்படி பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பூச்சு. பைபரை மேல்தளத்துக்கும் மீன் அறைக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். ரெசின் வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கு ஒன்று: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கேடலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. மே மாத வெயிலில் ரெசின் சீக்கிரமே இறுகும் என்பதால் அந்த வேலையை விடியற்காலையில் வைத்தோம்.

மீன் அறையில் பழைய தெர்மாக்கோலை எடுத்துவிட்டு பஃப் (பாலியூரித்தேன் நுரை) போட்டோம். ஐஸ் அதிக நேரம் தாங்கும், மீன் தரமாக வரும். புதிய பொருட்களில் எனக்கு முழுத் திருப்தி தந்த செலவு இது ஒன்றுதான். வயரிங், எல்இடி விளக்கு, தானாக ஓடும் பம்பு, விஎச்எஃப் ரேடியோ கருவிக்குத் தனி பேட்டரி எல்லாம் சின்ன வேலைகள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஆள். தடைக்காலத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறும். ஆசாரி, வெல்டர், கலப்பத்துக்காரர், கரையேற்றும் இடம் எதுவும் ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. ஜனவரியிலேயே முன்பணம் கொடுத்தோம். மரத்தையும் அப்போதே அறுத்து நிழலில் அடுக்கிவிட்டோம். பச்சை மரத்தை அடித்தால் பிறகு வளைந்து வாய்விடும்.

பிரித்தபோது வலை இழுக்கும் வின்ச்சுக்கு அடியில் இருந்த விட்டங்கள் கையோடு வந்தன. நாலாவது பட்டியலில் இருந்த இடம்தான், ஒதுக்கிய பணம் பெரும்பாலும் அங்கே போனது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. மே கடைசியில் மீன்வளத்துறை ஆய்வுக்கு வந்தார்கள். பதிவு எண், வண்ணம், உயிர்காப்பு மிதவை, தகவல் தொடர்புக் கருவி எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீரில் இறக்கிய முதல் நாட்களில் பம்பு நிறைய ஓடியது. வெயிலில் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதும் வரை அப்படித்தான். எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் நேர்படுத்துவதைக் கரையில் முடித்துவிடச் சொல்லி மெக்கானிக் அவசரப்படுத்தினார். மறுத்துவிட்டேன். கரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகின் வடிவம் வேறு, மிதக்கும்போது வேறு. மிதந்த பிறகு இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது, தகடு வைத்துச் சரிசெய்தார். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரையும் முன்முனையான அணியப் பக்கத்து மேல்தளமும் இந்த வருஷப் பணத்துக்குள் வரவில்லை. அவற்றுக்கான பலகை வீட்டுப் பின்கட்டில் அடுக்கியிருக்கிறது, ஆசாரிக்கு அடுத்த ஏப்ரலுக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.