அந்த அரை நொடிப் பார்வை

ஜப்பானிய மொழி வகுப்பு. "தொமத்தே" (நில்) என்றதும் நடந்துகொண்டிருந்த எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் அரை நொடி பிந்தி, பக்கத்தில் இருப்பவரின் காலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நிற்கிறார். அவருக்குச் சொல் புரிந்ததா, கால் புரிந்ததா?

டிபிஆர் (Total Physical Response), அதாவது கட்டளையைக் கேட்டு உடலால் செய்தே மொழி கற்கும் முறையில் வகுப்பு எடுப்பவர்களை விடாமல் உறுத்தும் கேள்வி இது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த வழி என்னவோ எளிதுதான். ஆசிரியர் கட்டளையைச் சொல்லித் தானும் செய்துகாட்டுவார். கற்பவர்கள் கூடவே செய்வார்கள். பிறகு ஆசிரியர் அசையாமல் வாயால் மட்டும் சொல்வார். தொடக்க வகுப்புகளில் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

அந்த 'அசையாமல்' என்பதில்தான் வழுக்குகிறது. "சுவத்தே" (உட்கார்) என்னும்போது ஆசிரியரின் கண் தன்னையறியாமல் நாற்காலிக்குப் போகும். அது போதும், காதுக்கு வேலை முடிந்தது. எழு, உட்கார், எழு, உட்கார் என்று மாற்றி மாற்றியே சொன்னாலும் இதே கதி. "எழு" என்பதை அடுத்தடுத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால், பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஜப்பானிய மொழியில் தத்தே (எழு), சுவத்தே (உட்கார்), தொமத்தே (நில்) மூன்றும் 'அத்தே' என்று ஒரே மாதிரி முடிவதால் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்தக் கூடாது. நடுவில் அருயித்தே (நட) வரட்டும். வலது, இடது சொல்லித்தரும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எதிரே நின்றால் கண்ணாடி பார்ப்பதுபோல் கை மாறிவிடும்.

இதெல்லாம் சரி, பிந்தியவரை என்ன செய்வது? கண்ணை மூடச் சொல்லலாம். நடக்க முடியாது, மூக்கைத் தொடு, கையைத் தூக்கு அளவில் சோதிக்கலாம். ஆனால் அந்தக் கணமே அது பரீட்சையாகிவிடும். பயமில்லாமல் கற்கத்தானே இந்த முறையே வந்தது? தவிர, அவர் பார்த்தது காப்பியடிக்கத்தான் என்று எப்படிச் சொல்வது? தெரிந்ததை உறுதி செய்துகொள்ளவும் பார்த்திருக்கலாம். சரி, விட்டுவிடலாம் என்றால், ஐந்தாவது பாடவேளையிலும் அவர் அதே காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து, நான்காவதாக அவரைக் கூப்பிடுவது பலர் கையாளும் நடுவழி. கட்டளையும் புதுச் சொற்சேர்க்கையாக இருக்க வேண்டும்: பேனா, நாற்காலி, 'வை' எல்லாம் பழகியவை, "பேனாவை நாற்காலிமேல் வை" கேட்டிராதது. வைத்துவிட்டால் அந்தப் புரிதல் அவருடையதுதான். வைக்காமல் பேனாவோடு நின்றால், சொல் தெரியாமல் நிற்கிறாரா, எல்லோரும் பார்ப்பதால் நிற்கிறாரா என்பது மறுபடி தெரியாது.