மாறப்போகும் மொடலில் ஓர் ஓட்டோ கார் வாங்கிய அனுபவம்

கொக்குவிலில் இருந்து பருத்தித்துறையில் உள்ள பாடசாலைக்குத் தினமும் சென்றுவரும் என் மனைவிக்குக் கடந்த வருடம் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. கிளச் மிதிக்கும் கார் இனி அவருக்கு ஆகாது என்று வைத்தியர் சொன்ன நாளில்தான், தானாகக் கியர் மாறும் ‘ஓட்டோ’ கார் ஒன்றுக்கான எங்கள் தேடல் தொடங்கியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டிருந்த காலம் அது. வரிகளோடு சேர்த்துப் பார்த்தால், நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே செய்யக்கூடிய செலவாக அது இருந்தது. ஆகவே விலைக்கழிவைத் தேடுவதற்கு முன்பு, எந்த வகைக் கியர் பத்து வருடம் தாங்கும், பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே யார் திருத்துவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண விரும்பினேன்.

நான் தேடிய சிறிய கார்களில் ‘ஓட்டோ கியர்’ என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை வெவ்வேறு விதமாக இயங்கும் நான்கு இயந்திரங்கள் என்பது, கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் மூன்று மாலைகள் உட்கார்ந்த பின்னர்தான் எனக்கு விளங்கியது. முதலாவது, சுசுகியின் சிறிய கார்களில் ஏ.ஜி.எஸ். என்ற பெயரில் வரும் வகை. அது உண்மையில் மனுவல் கியர்தான். கிளச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கருவி ஒன்று செய்கிறது. கியர் மாறும் இடத்தில் சிறு தயக்கம் இருக்கும். ஆஸ்பத்திரி வீதியில் பள்ளி விடும் நேரத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச் தட்டு விரைவாகத் தேயும். ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர் இருப்பதால் அதை நான் ஒதுக்கவில்லை. என் மனைவிக்குத்தான் அந்தத் தயக்கம் பிடிக்கவில்லை.

இரண்டாவது சி.வி.டி. அதில் பற்சக்கரப் படிகள் இல்லை. கூம்பு வடிவான இரண்டு கப்பிகளுக்கு இடையே எஃகுப் பட்டி ஒன்று நெரிபட்டு ஓடுகிறது. அந்தப் பட்டி வழுக்காமல் பிடிப்பதற்கும் சூடாகாமல் இருப்பதற்கும் பொறுப்பாக இருப்பது உள்ளே இருக்கும் ஓயில் மட்டுமே. என் பெரியப்பாவின் மகன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை வழக்கமாகச் செல்லாத ஒரு கராஜில் விட்டார். அங்கே சி.வி.டி.க்கு உரிய ஓயிலுக்குப் பதிலாகச் வேறு வகை ஓட்டோ கியருக்கான ஓயிலை ஊற்றிவிட்டார்கள். சில மாதங்களில் வண்டி புறப்படும்போது நடுங்கத் தொடங்கியது. முடிவில் கொழும்பில் இருந்து பாவித்த கியர்ப்பெட்டி ஒன்றை வரவழைத்துப் பூட்டவேண்டியதாயிற்று. சி.வி.டி. கெட்ட கியர் என்று நான் சொல்லமாட்டேன். மேடு பள்ளம் இல்லாத நம் தரைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் உரிய ஓயிலை உரிய காலத்தில் மாற்றுகிறவரிடம் மட்டும் அது நீடிக்கும் என்பதால், பாவித்த சி.வி.டி. காரை முந்தைய உரிமையாளரின் சேவைப் பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது இரட்டைக் கிளச். ஒன்று, மூன்று, ஐந்து போன்ற கியர்களுக்கு ஒரு கிளச்சும், இரண்டு, நான்கு, ஆறு போன்றவற்றுக்கு இன்னொரு கிளச்சுமாக அது தானே மாறி மாறி இயங்கும். 2013 இல் ஜப்பானில் வெளியான ஹொண்டா ஃபிட் ஹைப்ரிட்டில் (ஹைப்ரிட் என்பது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார்) ஏழு வேக இரட்டைக் கிளச் கியர் இருந்தது. 2014 ஒக்டோபருக்குள் அந்தக் கார் குறைகளைத் திருத்துவதற்காக நிறுவனத்தால் ஐந்து தடவை மீள அழைக்கப்பட்டது. முதலில் வந்த அழைப்புகள் கியரையும் அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளையும் பற்றியவை. பிற்காலத்து வண்டிகள் திருந்தியவை என்பதை ஏற்கிறேன். ஆயினும் 2020 இல் வந்த அடுத்த ஃபிட்டில் அந்தக் கியரையே கைவிட்டு, இரண்டு மோட்டார்கள் கொண்ட வேறு முறைக்கு அதே நிறுவனம் மாறியது என்பது எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றியது.

நான்காவது, 1997 இல் பிரியஸ் காருடன் டொயோட்டா கொண்டுவந்த முறை. இதையும் விற்பனையாளர்கள் ‘சி.வி.டி.’ என்றே சொல்வதால் பலர் குழம்புகிறார்கள். இதில் பட்டியும் இல்லை, கப்பியும் இல்லை, தேயும் கிளச் தட்டும் இல்லை. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல ஒரு பற்சக்கரத் தொகுதி நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நடுச்சக்கரத்தில் ஒரு மோட்டாரும், வெளிவளையத்தில் இன்னொரு மோட்டாரும், இடையில் சுற்றும் சக்கரங்களைத் தாங்கும் பகுதியில் எஞ்சினும் இணைந்திருக்கின்றன. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே கியர் மாற்றமாகிறது. பின்னோக்கிச் செல்லவும் தனிக் கியர் கிடையாது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். “தம்பி, இதிலை கியர்ப்பெட்டி பழுதாகி என்னட்டை வந்த வண்டி ஒண்டும் இல்லை, வந்ததெல்லாம் பற்றறியாலைதான்” என்று அண்ணை சொன்ன வார்த்தையே என் முடிவைத் தீர்மானித்தது.

அதன் பின்னர் தேடல் டொயோட்டா அக்குவா என்ற ஒரே காருக்குச் சுருங்கியது. அதன் இரண்டாம் தலைமுறை 2021 இல் வந்தது; 2025 செப்டெம்பரில் ஜப்பானில் அதன் முகத்தை மாற்றி வெளியிட்டார்கள். புதியதில் முன்பக்கம் அழகாக இருந்தது. காலால் மிதிக்கும் தரிப்புத் தடைக்குப் பதிலாக மின்சாரத் தடை வந்திருந்தது. ஆனால் எஞ்சினும் கோள்சக்கரத் தொகுதியும் பழையவையே. நான் பணம் கொடுக்க விரும்பிய பகுதியில் எதுவும் மாறவில்லை என்றால், விற்காமல் நிற்கும் பழைய முகத்தை ஏன் குறைத்துக் கேட்கக்கூடாது?

கழிவு எங்கிருந்து வருகிறது என்பதை வெள்ளவத்தையில் இருக்கும் என் மைத்துனர் விளக்கினார். வியாபாரத்துக்கு இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால், அதன் சி.ஐ.எஃப். விலையில் (வாகன விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) மாதம் 3 வீதம் தாமதக் கட்டணம் சேர்கிறது. உச்ச எல்லை 45 வீதம். அதோடு இறக்குமதிக்காகப் பெற்ற வங்கிக் கடனின் வட்டியும் ஓடுகிறது. புதிய முகம் கப்பலில் ஏறிவிட்டது என்ற செய்தி வந்ததும், பழைய முகத்தைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். எனவே காரின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பு, சுங்கத்தில் இருந்து அது விடுவிக்கப்பட்ட திகதியைக் கேட்கவேண்டும் என்பது அவருடைய முதல் அறிவுரை. நான் பார்த்த ஐந்து இடங்களில் இரண்டில் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கேட்டபோது இரண்டு இலட்சம் குறைப்பதாகச் சொன்னார்கள். அது போதாது. ஏனென்றால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி வருடம் எழுதப்படுகிறது. 2024 என்று எழுதப்பட்ட காரை நாளை விற்கும்போது, 2025 காரோடு ஒப்பிட்டு வாங்குகிறவர் குறைப்பார். அந்த இழப்புக்கு மேலாக எவ்வளவு கிடைக்கிறதோ அதுவே உண்மையான கழிவு. பார்த்த விலைகளில் இருந்து அந்த இழப்பை நான்கு இலட்சம் என்று கணக்கிட்டு, அதற்குக் கீழே வந்த எந்தச் சலுகையையும் சலுகையாகக் கொள்வதில்லை என்று தீர்மானித்தேன். கழிவுக்குப் பதிலாக ஆசன உறை, கண்ணாடிப் படலம், காப்புறுதி என்று சேர்த்துத் தரும் பேச்சையும் மறுத்துவிட்டேன்.

ஒக்டோபர் இறுதியில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஓரிடத்தில் “2025 ஆம் ஆண்டுத் தயாரிப்பு” என்று அழுத்தமாகச் சொல்லப்பட்ட காரின் ஆசனப்பட்டியைக் கீழ்வரை இழுத்துப் பார்த்தேன். அடியில் தைத்திருந்த சிறு துண்டில் 2023 என்று இருந்தது. டயரின் நான்கு இலக்கக் குறியும் அதே வருடத்தையே காட்டியது. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு வருடம் என்பதை அறிந்திருந்தால் எவரும் இதைப் பார்த்துவிடலாம். ஒரு கோடியைத் தாண்டிய தொகையைக் கையளிக்கப்போகிறவரிடம் இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது என்ற வேதனை எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த இடத்தில் நின்றது 2024 கார். விடுவிக்கப்பட்டு 71 நாட்கள் கடந்திருந்தன. விற்பனையாளர் ஆவணங்களை மறைக்காமல் காட்டினார். முதலில் மூன்று இலட்சம் குறைத்தார். நான் என் கணக்கை அவருக்கு அப்படியே சொன்னேன்; பொய்யான வேறொரு விலையைச் சொல்லிப் பேரம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து ஏழு இலட்சம் குறைக்கச் சம்மதித்தார். நிறுவனத்தின் முகவர் ஊடாக அல்லாமல் இப்படித் தனி வியாபாரிகள் கொண்டுவரும் கார்களுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகாது என்பதால், ஹைப்ரிட் பற்றறிக்கு ஒரு வருடப் பொறுப்பைக் கடையின் கடிதத்தாளில், அடிச்சட்ட இலக்கத்தோடு எழுதித் தரவேண்டும் என்று கேட்டேன். அந்த ஒரு கடிதத்துக்காகவே பேச்சு இன்னும் அரை நாள் நீண்டது. எழுதித் தந்த பின்னரே முற்பணம் கட்டினேன்.

நவம்பர் முதல் வாரத்தில், மழை பலப்பதற்கு முன்னர், ஏ-9 வீதியால் காரைக் கொண்டுவந்தோம். ஆனையிறவைத் தாண்டியதும் மனைவி ஓட்டுநர் ஆசனத்துக்கு மாறி, மிகுதித் தூரத்தை இடது காலை அசைக்காமலே ஓட்டினார். மறுநாள் கோண்டாவில் அண்ணை காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின் ஆசனத்தின் கீழே இருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டினார். பற்றறியைக் குளிர்விக்கும் காற்று அதனூடாகவே போகிறது. அங்கே பையையோ சாக்கையோ வைத்து மூடக்கூடாது, நம் செம்மண் புழுதி அடைத்தால் பற்றறி சூடாகிக் கெடும் என்றார். மூன்று மாதம் கழித்து நானே அந்த வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது, உள்ளங்கை நிறையச் சிவந்த தூள் விழுந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அதைச் சுத்தம் செய்து, திகதியை அந்தக் கடிதம் இருக்கும் கோப்பிலேயே குறித்து வைக்கிறேன்.