பாட்டிலின் அடியில் ஒரு மஞ்சள் வட்டம்

நான் மைக்ரோபயாலஜி லேபில் சேர்ந்த புதிதில், ரத்தக் கல்ச்சர் பாட்டில்களை (நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அதைச் சத்துத் திரவத்தில் விட்டு வளர்க்கும் பாட்டில்கள்) தினமும் காலையில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். கலங்கியிருக்கிறதா, குமிழ் தெரிகிறதா, ரத்தம் சிதைந்து நிறம் மாறியிருக்கிறதா? இப்படி 7 நாள். கிருமி நள்ளிரவில் பெருகினாலும் நமக்குத் தெரிவது விடிந்த பிறகுதான்.

இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சி அமெரிக்காவில் 1970களிலேயே வந்துவிட்டது. அன்றைய பேக்டெக் கருவிக்கான பாட்டிலில் கதிரியக்கக் கார்பன்-14 சேர்த்த சத்து இருக்கும். பாக்டீரியா அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். கருவி ஊசியால் மூடியைத் துளைத்து, அந்தக் காற்றை உறிஞ்சி, கதிரியக்கத்தை அளக்கும். என்ன அருமையான யோசனை! ஆனால் கதிரியக்கக் கழிவு ஒரு தலைவலி. ஒரே ஊசி பாட்டிலுக்குப் பாட்டில் போவதால் கிருமியும் கூடவே போய்விடுமோ என்ற பயம் வேறு.

1990இல் வந்த பேக்ட்-அலர்ட் என்ற கருவிக்கு ஊசியே தேவைப்படவில்லை. பாட்டிலின் அடியில் ஒரு சிறு வட்டு, அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊடுருவி அமிலத்தன்மை கூடினால், பச்சை மஞ்சளாகும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை கருவி ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போன வாரம் ராத்திரி இரண்டரைக்கு அலாரம் அடித்தது. பச்சிளங்குழந்தை வார்டு பாட்டில். உள்ளே வைத்து 11 மணி நேரம்தான். அடியில் நல்ல மஞ்சள். கிருமிக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயின் போட்டேன், இளஞ்சிவப்புக் குச்சிகள், அதாவது கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியா. அப்புறம் உடனே வார்டுக்குப் போன். மூன்றேகாலுக்கு மருந்தை மாற்றிவிட்டார்கள்.