நியூயார்க் நகரச் சின்னம்: எது வலம், எது இடம்?

அமெரிக்காவில் ஊர்களின் கேடயச் சின்னங்களுக்கு ஒப்புதல் தரும் மத்திய அலுவலகம் கிடையாது. உள்ளூர் மன்றம் சட்டம் போட்டால் அதுதான் சின்னம். அதனால்தான் தரம் ஊருக்கு ஊர் இப்படி மாறுகிறது. நியூயார்க் நகரத்தின் சின்னம் உருப்படியானது.

கேடயத்தின் நடுவே காற்றாலை இறக்கைகள் நான்கும் குறுக்காக. அவற்றின் இடைவெளியில் மேலே ஒரு பீவர் (ரோமத் தோலுக்காக வேட்டையாடப்பட்ட நீர்விலங்கு), கீழே ஒரு பீவர். பக்கத்துக்கு ஒன்றாக மாவுப் பீப்பாய். டச்சுக் காலத் தோல் வியாபாரமும், பின்னால் வந்த மாவு வியாபாரமும்தான் ஊரை வளர்த்தன.

கேடயத்தின் இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாக இருவர் நிற்கிறார்கள். வரைபவர்கள் சறுக்குவது இந்தப் பக்கங்களில். கேடயத்தின் வலம் என்றால் ஏந்துபவரின் வலம். ஆகவே ஆழம் பார்க்கும் ஈயக்குண்டைப் பிடித்த மாலுமி நம் பார்வைக்கு இடப்பக்கம். வில்லேந்திய அமெரிக்கப் பழங்குடி மனிதர் வலப்பக்கம். படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால் எல்லாம் தலைகீழ்.

உச்சியில் பாதி உலக உருண்டைமேல் கழுகு. பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடம் அது, 1784இல் மாற்றினார்கள். அடியில் உள்ள ஆண்டையும் கவனியுங்கள்: பழைய பிரதிகளில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த 1664, 1970களில் அது டச்சுக் குடியேற்றத்தைக் குறிக்கும் 1625 ஆனது. கொடியில் சின்னம் நீல நிறத்தில் மட்டும். சுற்றியுள்ள லத்தீன் எழுத்து அங்கே வராது.