இச்சையடக்கம்: ஒரு லெந்து நாட்குறிப்பு

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து இன்று தொடங்குகிறது. ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், ஈஸ்டர் வரையிலான 46 நாட்களில் ஆறு ஞாயிறுகளைக் கழித்து, மீதி நாற்பதுக்கும் இந்த நோட்டில் கட்டம் போட்டேன். தீர்மானங்கள் மூன்று: அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபிப்பது, வேதவாசிப்பு முடியும்வரை செல்பேசியைத் தொடாதிருப்பது, நண்பகல் வரை உபவாசம். புலால் தவிர்ப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. லெந்து வந்தால் எங்கள் வீட்டில் அது தானாக நின்றுவிடும், அதில் எனக்கென்று ஒரு போராட்டமும் கிடையாது. சென்ற ஆண்டும் இப்படித்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பதினொன்றாம் கட்டத்தோடு பேனா நின்றுவிட்டது.

8 மார்ச், சனி

இன்றைய வாசிப்பு, கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 1 கொரிந்தியர் 9. கொரிந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்துவந்ததால், ஓட்டமும் மல்யுத்தமும் அந்தச் சபையாருக்குப் புதிதல்ல. வென்றவன் தலையில் வைத்தது பைன் தழையிலோ வாடிய செலரிக் கீரையிலோ முடைந்த வளையம். இந்தக் காய்ந்த தழைக்காகவே ஒருவன் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருக்கிறானே என்பதுதான் பவுல் எழுப்பும் கேள்வி. "என் சரீரத்தை ஒடுக்கி" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் குத்துச்சண்டைக்காரர்களுடையது; கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிப்பது. அந்தக் குத்து எதிராளிக்கல்ல, தனக்கே என்பதை நான் இத்தனை காலமும் கவனியாமல் வாசித்திருக்கிறேன்.

11 மார்ச், செவ்வாய்

1812இல் இதே நாள் மாலையில்தான் வங்காளத்தில் மிஷனரிகள் நடத்திய செராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. அவர்களில் ஒருவரான, வேதத்தை இந்திய மொழிகளில் பெயர்த்த வில்லியம் கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் இலக்கணப் பிரதிகளும் எழுத்துருக்களும் சாம்பலாயின. இடிபாட்டில் உருகிக் கிடந்த உலோகத்தை எடுத்து மறுபடியும் எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். 1793இல் வங்காளத்துக்கு வந்த கேரி, 1800 டிசம்பரில்தான் முதல் வங்காளி ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இடையில் ஏழு ஆண்டுகள். தன் வரலாற்றை எவராவது எழுதினால், விடாமல் மெல்ல நடந்துகொண்டே இருந்தவன் என்று மட்டும் எழுதினால் போதும் என்பது அவர் எண்ணம். பிரசங்கங்களில் தீயைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதில்லை. எனக்கு வேண்டியதோ அவைதான்.

18 மார்ச், செவ்வாய்

சென்ற ஆண்டின் எல்லையை நேற்று எட்டி, இன்று கடந்துவிட்டேன் என்ற பெருமையோடுதான் எழுந்தேன். பத்து மணிக்குப் பசி ஏறியது. அலுவலகத்துக்கு உடுத்தவேண்டிய சட்டை இஸ்திரி போடாமல் கிடந்ததற்கு மனைவியிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சமையலறையில் அம்மா அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடியை அள்ளி, மேல்தட்டிலிருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "உபவாசம் வயித்துக்கு மட்டும்தானாய்யா?" என்றார்கள். மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. அதையும் உபவாசத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

27 மார்ச், வியாழன்

ஏழு கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. மனம் கசந்து விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பெருந்தன்மையாகத் தோன்றும். உண்மையில் முதல் நாள் வெட்கம், மறுநாள் முதல் சோம்பல். ஏசாயா 58ஆம் அதிகாரத்தை வாசித்தேன். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்ற வரியை இஸ்திரிப் பெட்டியை நினைக்காமல் இனி என்னால் வாசிக்க முடியாது. மனைவியிடம் நேற்றிரவு மன்னிப்புக் கேட்டேன். "எட்டு நாள் ஆச்சா இதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நாலரையை ஐந்தாக்கிவிட்டேன். செல்பேசி இரவில் முன்னறை அலமாரியில் இருக்கும். தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதைத் தொடமாட்டேன் என்று சொல்வது இச்சையடக்கமல்ல, வீறாப்பு. வெறுங்கட்டங்களை அடித்துவிடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

3 ஏப்ரல், வியாழன்

எழுந்தேன், வாசித்தேன், ஜெபித்தேன். மனதில் எந்த அசைவும் இல்லை.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

மார்ச் 27க்குப் பிறகு இரண்டு கட்டங்கள் மட்டுமே வெறுமை. ஜெபம் இனித்த நாட்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். மற்ற நாட்களில் கொட்டாவியோடுதான் முழங்காலில் நின்றேன். அம்மாவின் கைப்பிடி அரிசி இன்று கோவிலுக்குப் போயிற்று. எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்றார்கள். கட்டம் போட்ட நோட்டு எதுவும் அவர்களிடம் இல்லை. ஆராதனையிலிருந்து வந்து, காலியான பாட்டிலை முந்தானையால் துடைத்து, மேல்தட்டில் வைக்காமல் அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொண்டு, மதியச் சோற்றுக்கு அரிசி அளக்கத் தொடங்கினார்கள்.