மெய்நிகர் டெஸ்க்டாப் கேள்வி வந்தால் எங்கே தொடங்குவது?

மனித-கணினி ஊடாட்டப் பாடத்தின் வடிவமைப்புத் தேர்வில் எங்களுக்கு வந்த கேள்வி: பயனர் தம் மெய்நிகர் டெஸ்க்டாப்களை (ஒரே திரையில் மாறி மாறிக் காட்டக்கூடிய தனித்தனி வேலைப்பரப்புகளை) உருவாக்கவும், அவற்றுக்கிடையே மாறவும், நீக்கவும் ஓர் இடைமுகம் அமையுங்கள். அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

தாளைப் பார்த்ததும் சிறுபடங்களை வரிசையாக வரையத்தான் கை போகும். எல்லோரும் அதைத்தான் வரைவார்கள். முதலில் சாளரங்களின் கதியை எழுதுங்கள். டெஸ்க்டாப்பை மூடினால் அதில் திறந்திருந்தவை எங்கே போகும்? விண்டோஸ் 10 அவற்றைப் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிடுகிறது, எதுவும் தொலைவதில்லை. மின்னஞ்சலில் ஓர் இணைப்பைச் சொடுக்குகிறோம், உலாவியோ வேறொரு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. பயனரை அங்கே இழுத்துச் செல்வதா, உலாவியை இங்கே வரவழைப்பதா, அறிவிப்போடு நிறுத்திக்கொள்வதா? அரட்டைச் சாளரம் எல்லா டெஸ்க்டாப்பிலும் தெரிய வேண்டுமென்றால் என்ன வழி? இவற்றுக்கு விடை இருந்தால் படம் தானாக வந்துவிடும்.

வரலாற்றில் ஒன்றை மட்டும் ஆழமாகப் படியுங்கள்: ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் ஆஸ்டின் ஹெண்டர்சனும் உருவாக்கி 1986இல் கட்டுரையாக வெளியிட்ட 'ரூம்ஸ்'. நினைவகம் போதாதபோது கணினி நினைவகப் பக்கங்களை (தரவுத் துண்டுகளை) வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓயாமல் மாற்றித் திணறுவதைப் போல, திரை போதாதபோது மனிதர் சாளரங்களை மாற்றித் திணறுகிறார் என்பது அவர்கள் பார்வை. ஒரே வேலைக்கான சாளரங்கள் ஓர் அறையில் சேரும். ஒரு சாளரம் பல அறைகளில் இடம்பெறலாம். அறை மாறும்போது சிலவற்றை மூட்டையாகக் கையோடு எடுத்தும் போகலாம். இன்றைய பல இடைமுகங்களைவிட அதில் சிந்தனை அதிகம் என்பேன்.

அதன் பிறகு ஒப்பீடு. லினக்ஸில் இயங்கும் டெஸ்க்டாப் சூழலான கேடிஇயில் எத்தனை டெஸ்க்டாப் என்பதைப் பயனரே அமைப்புகளில் முடிவு செய்கிறார். அதுபோன்ற இன்னொரு சூழலான குனோம் 3 (2011) கடைசியில் எப்போதும் ஒரு வெற்றிடத்தை வைத்திருக்கும். அதில் சாளரம் வந்ததும் அடுத்த வெற்றிடம் முளைக்கும், காலியானது மறையும். 'புதிது' என்ற பொத்தானே தேவையில்லை. அழகுதான், ஆனால் நடுவில் ஒன்று மறைந்தால் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். இடத்தை வைத்தே நினைவு கொள்பவருக்கு அது தொல்லை. மேக்கின் மெய்நிகர் டெஸ்க்டாப் வசதியான ஸ்பேசஸ் 2007இல் கட்டங்களாக, 16 வரை, வந்தது. 2011இல் லயன் பதிப்பு அதை ஒற்றை வரிசையாக்கியது. 'மேலே இருப்பது அஞ்சல், கீழே இருப்பது நிரல்' என்று பழகிய விரல்கள் தடுமாறின. அண்மைப் பயன்பாட்டின்படி வரிசையைத் தானாக மாற்றும் அமைப்பும் மேக்கில் உண்டு. அதை அணைத்துவைப்பவர்கள் ஏன் அணைக்கிறார்கள் என்று நாலு வரி எழுத முடிந்தால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

என் விடையில் வரிசையைப் பயனர் மட்டுமே மாற்றலாம், பெயர் வைப்பது கட்டாயமில்லை, நீக்குவதை மீட்கலாம் என்று வைத்தேன். தேர்வாளர் வாய்மொழியில் துருவியது இரண்டாவது திரையைப் பற்றி: டெஸ்க்டாப் மாறும்போது இரு திரைகளும் மாறுமா, ஒன்று மட்டுமா? மேக் 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்களைத் திரைக்குத் திரை தனித்தனியாகப் பிரித்தது. குனோம் இயல்பாக முதன்மைத் திரையை மட்டும் மாற்றுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் காரணம் கேட்பார்கள். விரிவுரை ஓடும் திரை அசையாமல் நிற்க, மற்றதில் குறிப்பெடுக்கும் மாணவரை நான் காரணமாகக் காட்டினேன்.